சொல்லிக்கொள்ளாமல் போகும் கடை

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களை நாங்கள் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. போகிறவர்களும் "போயிட்டு வாறன்" என்று சொன்னதில்லை. மரியாதை தெரியாத குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், பின்வேலியில் ஒரு படலை வைத்து, என் அக்கா, ஸுலைஹா ராத்தா, கபன் துணிக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். செத்தவரின் மையித்தைச் சுற்றும் வெள்ளைத் துணி விற்கிற இடத்துக்கு யாரையாவது வாங்க என்று கூப்பிட முடியுமா? வாங்கிப் போகிறவர்தான் திரும்பி வருவேன் என்று வாயால் சொல்வாரா? குனிந்த தலையோடு வருவார்கள், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதுகைக் காட்டிப் போவார்கள். படலை சாத்துகிற சத்தம்தான் எங்களுக்கு ஸலாம்.

ராத்தா இந்த வியாபாரத்தைத் தொடங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் வீட்டின்மேல் தென்னை விழுந்து எங்கள் வாப்பா மீராமுகைதீன் மௌத்தானார். விடிந்து பார்த்தால் ஊருக்குக் கூரை இல்லை. கல்முனைப் புடவைக் கடைகளில் சுருள் சுருளாகத் துணி இருந்தது, ஆனால் எல்லாம் சேறும் துருவும். ஒரு முழம் வெள்ளை அகப்படவில்லை. கடைசியில் உம்மாவின் தொழுகை உடுப்பையும் பக்கத்து வீட்டுப் படுக்கை விரிப்பையும் ஒட்டித்தான் வாப்பாவை அனுப்பினோம். விரிப்பின் மூலையில் ஒரு நீலப் பூ இருந்தது. அது வெளியே தெரியாமல் உள்ளுக்குப் போகும்படி ராத்தாதான் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். வாப்பா அந்தப் பூவோடுதான் போனார்.

வாப்பா போன கையோடு அடுத்த கவலை வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். அதனால் ஆண்பிள்ளைகள் மீசை முளைக்க முதலே தங்கச்சிமாருக்கு வீடு கட்டக் கல் அறுக்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த மீசை இல்லை. ராத்தா, மைமூனா, நான் ஸுல்பிகா, மூன்றும் பெட்டைகள். ஆகவே மீசையின் வேலையையும் ராத்தாவே எடுத்துக்கொண்டாள்.

காதில் கிடந்த அலுக்கத்தைக் கழற்றி விற்றுவிட்டுக் கல்முனைக்குப் போய், றஸாக் முதலாளியின் கடையில் ஒரு சுருள் வெள்ளைத் துணி கேட்டாளாம். முதலாளி சிரித்துக்கொண்டே, "கல்யாணமா புள்ள?" என்றார்.

"இல்ல. மௌத்துக்கு."

"இன்னாலில்லாஹ். ஆரு மௌத்து?"

"இன்னும் இல்ல," என்றாள் ராத்தா.

முதலாளி காசைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

ராத்தாவின் கெட்டித்தனம் துணியில் இல்லை, பொட்டலத்தில்தான் இருந்தது. ஒரு வீட்டில் மௌத்து என்றால் துணிக்கு ஓர் ஆள், கற்பூரத்துக்கு ஓர் ஆள், அத்தருக்கும் பஞ்சுக்கும் வேறோர் ஆள், மையித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலை தேடி இன்னுமோர் ஆள் என்று ஊரே ஓடும். வெள்ளிக்கிழமையானால் கடையும் பூட்டு. ராத்தா இதெல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தாள். வருகிறவர்கள் மையித்தின் தலை முதல் கால் வரை பிடித்த நூலைக் கொண்டுவருவார்கள். அந்த நூலை வைத்து அளந்து, ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு வெட்டி வைத்து, மேலே அதே நூலால் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவாள். நூல் மையித்தோடு போய்விட வேண்டும், எங்கள் வீட்டில் தங்கக்கூடாது. இது ராத்தா போட்ட சட்டம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பெட்டச்சி மௌத்துக்குக் காத்திருக்கிறாள்" என்றார்கள். ராத்தா தெருவில் போனால் கர்ப்பிணிகள் உள்ளே போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் கற்பூரம் மணக்காத பொருளே கிடையாது. சோறு மணக்கும், என் தலைமயிர் மணக்கும், பாடப் புத்தகம் மணக்கும். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் இருக்கும் வாங்கில் நான் தனியாகத்தான் இருந்தேன். எனக்கு அது ஆத்திரம். இவ்வளவு பேசுகிற ஊர், வீட்டில் ஒன்று நடந்தால் மட்டும் எங்கள் படலையைத் தட்டத் தவறியதில்லை.

அவள் செய்து பார்த்து விழுந்த வியாபாரங்களும் உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு உடுப்பு வாடகைக்குக் கொடுத்தாள், ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைச் சட்டை தைத்தாள், அதற்கும் அதே கதி. பிறகு பிழைக்கும் வழி அவளுக்குப் பிடிபட்டது. மாவடிப்பள்ளி, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊருக்கு ஒரு விதவையைப் பிடித்து, அவர்கள் வீட்டிலும் பொட்டலம் வைத்தாள். விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு. மொத்தமாக வெள்ளைத் துணி இறக்கி, வேறு பெயரில் கடைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்புக்கும் கொடுத்தாள். ராத்தாவைக் கண்டு உள்ளே போன கர்ப்பிணிகளின் பிள்ளைகள் பின்னாட்களில் அவள் துணியைத்தான் உடுத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நானும் மைமூனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அப்படித்தான் மைமூனாவுக்கு வீடு எழும்பியது, மாப்பிள்ளை வந்தார். அடுத்தது என்னுடைய முறை. எண்பத்துநாலில் எனக்கும் மாப்பிள்ளை பேசி, பக்கத்து வளவில் சுவர் எழும்பி, கூரைக்கு வளை ஏற்றியிருந்தது. தனக்கு ஒரு வீடு என்ற பேச்சை ராத்தா எடுக்கவேயில்லை. உம்மா எடுத்தால், "கபன் வெட்டுற கைக்கு ஆரு உம்மா மாப்பிள்ள?" என்று எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், உச்சி வெயிலில், படலை திறந்த சத்தம் கேட்டது. காகம்கூட வாயைத் திறக்காத நேரம். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், குரல் மட்டும் கேட்டது. பெண்குரல். பெண் மையித்து என்றது. ராத்தா அளவு கேட்டாள், நூலை வாங்கினாள். கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற சத்தம் கேட்டது. எத்தனை மணிக்கு அடக்கம் என்று ராத்தா வழக்கம்போலக் கேட்டாள்.

"அது இன்னும் தெரியா," என்றது அந்தக் குரல்.

பிறகு படலைப் பக்கம் காலடி போனது. போகும்போது அது சொன்னது எனக்கு இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது.

"போயிட்டு வாறன் மகள்."

என் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. வெளியே வந்து பார்த்தேன். ராத்தா துணி வெட்டும் பலகைக்குப் பின்னால் அப்படியே நின்றாள். பலகைமேல் அந்த நூல் கிடந்தது. பேச்சுக் குழப்பத்தில் வேறு நூலால் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். நூலை எடுத்துக்கொண்டு நான் ஒழுங்கைக்கு ஓடினேன். கடல் வரைக்கும் வெள்ளை மணல்தான் கிடந்தது. ஒரு குஞ்சு குருமானைக் காணவில்லை.

வந்தவளை முன்பின் கண்டதில்லை, முக்காட்டை இழுத்து மூடியிருந்தாள் என்றாள் ராத்தா. சரி, ஊரில் அடக்கம் நடந்தால் யாரென்று தெரியும்தானே என்று காத்திருந்தோம். அன்றைக்கு அடக்கம் இல்லை. மறுநாளும் இல்லை. ராத்தா தன் விதவைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்டாள். ஒரு ஊரிலும் பெண் மையித்து இல்லை. துணி போய்விட்டது, அதற்குரிய ஆள் இன்னும் போகவில்லை.

நூலைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். காற்றில்லாத நேரத்திலும் அது ஆடுகிறது என்றாள் எங்களைப் பார்க்க வந்த மைமூனா. நான் பார்த்தபோது ஆடவில்லை. ஆனால் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் இப்போதுதான் ஆடி நின்றதுபோல இருந்தது. வந்தது ஜின்தான், நூலை எரித்துவிடு என்று உம்மா அழுதார். ராத்தா கேட்கவில்லை.

"ஆர்ட அளவெண்டு தெரியாம எப்பிடி உம்மா எரிக்கிற?"

அதன் பிறகு ராத்தாவின் நடத்தை மாறியது. உம்மா தொழுகையில் நிற்கும்போது நூலோடு பின்னால் போய் நிற்பாள். மைமூனாவைச் சுவரோடு நிற்கச் சொல்லிவிட்டு எதையோ பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

ஒரு பகல் சோறு தின்றுவிட்டுப் பாயில் கண்ணயர்ந்தேன். காலில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது, விழித்தேன். ராத்தா என் கால்மாட்டில் குந்தியிருந்தாள். நூலின் ஒரு முனையை என் தலைக்கு மேலே பாயில் ஊசியால் குத்தி வைத்திருந்தாள். மற்ற முனை என் குதிக்காலில், அவள் விரலுக்குள் இருந்தது. ஒரு நெல்மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ராத்தாவின் முகம் சுண்ணாம்பாகிக் கிடந்தது. "என்ட கையாலதான் புள்ள வெட்டினன்," என்று மட்டும் சொன்னாள்.

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கிற ஆளின் அளவுக்குக் கபன் வெட்டினால், துணி அந்த ஆளைத் தேடிவரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மாப்பிள்ளை நினைவு வரவில்லை, வீட்டு நினைவு வரவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், ஐந்து துண்டாக, என் நீளத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது என்பது மட்டும்தான் நினைவில் நின்றது. ராத்தா கத்தரிக்கோலைக் கையால் தொடுவதை விட்டாள். படலையைத் தட்டியவர்களை உம்மா வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பினார். சுருள்கள் அப்படியே கிடந்தன. இவ்வளவு காலம் வளர்த்த வியாபாரம் அந்த ஒரு நூலில் தொங்கியது, நானும் அதில்தான் தொங்கினேன்.

ஆனால் ராத்தா உம்மாவைப்போல அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. சில நாள் போனதும் என்னைப் பிடித்து உட்கார்த்தி, நிதானமாகக் கேட்டாள். "நூல் தானா வராது. உன்ன ஆராவது அளந்தாங்களா, யோசிச்சுச் சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். ஆம், அளந்தார்கள். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போனபோது, பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி என் பக்கத்தில் வந்திருந்தாள். வயது கேட்டாள், தின்ன மஸ்கத் அல்வாத் துண்டு தந்தாள். தன் மகளும் என் வயதுதான், இந்த உயரம்தான் இருப்பாள், சட்டை தைக்க அளவு வேண்டும் என்று என்னை எழுப்பி நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை நூல் பிடித்தாள். சட்டைக்கு யாராவது உச்சியிலிருந்து அளப்பார்களா? மஸ்கத் தின்கிற வாய்க்கு அதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது. போகும்போது அட்டாளைச்சேனை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ராத்தா அட்டாளைச்சேனை விதவைக்கு அந்த அடையாளங்களைச் சொல்லி அனுப்பினாள். விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது சல்மா உம்மாதான் என்று பதில் வந்தது. சூறாவளிக்கு வந்த ஆற்று வெள்ளத்தில் அவருடைய ஒரே மகள் றபீக்கா போய்விட்டாள், மையித்துக் கிடைக்கவில்லை, அன்றிலிருந்து அந்த மனுசி ஒரு மாதிரி என்றாள் விதவை.

நானும் ராத்தாவும் பஸ் ஏறினோம். ராத்தா மடியில் நூலை முடிந்திருந்தாள். சல்மா உம்மா எங்களைக் கண்டு திடுக்கிடவில்லை. எதிர்பார்த்திருந்தவரைப்போல என்னைப் பார்த்துச் சிரித்து, தலையை உச்சியில் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வாங்க, மகள்ட வீட்டப் பாருங்க," என்றார்.

அவருடைய குடிலுக்குப் பக்கத்தில் கல்வீடு ஒன்று நின்றது. பெண்பிள்ளைக்குக் கட்ட வேண்டிய வீட்டை அவர் கட்டியிருந்தார். வாசல் பெருக்கியிருந்தது. உள்ளே புதுப்பாய் விரித்திருந்தது, குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆள் மூச்சு இல்லை. சுவரோரம் கொடிக்கயிற்றில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. முதலாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சட்டை. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் நீளம். அடுத்தது இன்னும் கொஞ்சம். ஒரு பிள்ளை அந்தக் கயிற்றில் வளர்ந்துகொண்டு வந்திருந்தது. ஒன்றையும் யாரும் உடுத்தியதில்லை. வருடத்துக்கு ஒரு பெண்பிள்ளையை அளந்து, வருடத்துக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் கடைசியில், இந்த வருடச் சட்டை தொங்கவேண்டிய இடத்தில், எங்கள் பொட்டலம் தொங்கியது.

நான் ராத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா பொட்டலத்தைத் திருப்பித் தரும்படி பணிவாகக் கேட்டாள். சல்மா உம்மா எழுந்து போய் அதைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இது என்ட மகள்ட. கனவில வந்து வெள்ள கேட்டா. சட்ட வேணா எண்டுட்டா."

பறித்துக்கொண்டு ஓடிவிடுவோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ராத்தா பாயில் உட்கார்ந்தாள். வேறு எதையோ விசாரிப்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"மகள்ட வாப்பா நல்ல உயரமா?"

சல்மா உம்மாவின் முகம் மாறியது. "அவரா? பள்ளிவாசல் நிலையில குனிஞ்சுதான் உள்ளுக்குப் போவார்."

"மகள் ஆர்ட சாயல்?"

"வாப்பாட சாயல்தான். அச்சு."

"அப்ப இந்தத் துணி நீளம் காணா உம்மா," என்றாள் ராத்தா. "இது என்ட தங்கச்சிட அளவு. இவ குள்ளம். உங்கட மகள் இவய விட எவ்வளவோ வளந்திருப்பா. காணாத துணியக் குடுத்தா என்ட கடைக்குத்தான் கெட்ட பேரு. இதத் திருப்பித் தாங்க. சரியான அளவு தெரிஞ்ச அண்டைக்கு வாங்க, நானே வெட்டித் தாறன்."

வாங்க என்று ராத்தா ஒருவரைத் தன் கடைக்குக் கூப்பிட்டதை நான் முதல் தடவையாகக் கேட்டேன். சல்மா உம்மா நெடுநேரம் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கயிற்றிலிருந்து அவிழ்த்து ராத்தாவின் மடியில் வைத்தார். "ஓம், வளந்திருப்பா," என்றார். "நான் வாறன்."

திரும்பும் வழியில் களியோடைப் பாலத்தில் இறங்கி, ராத்தா நூலை ஆற்றில் விட்டாள். அது தாழாமல் நெளிந்து நெளிந்து கடல் பக்கம் போனது. நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறியதும் ராத்தா சொன்னாள். "எங்களுக்கு மையித்து இரிந்திச்சு, துணி இல்ல. அவக்குத் துணி இரிக்கு, மையித்து இல்ல."

என் கல்யாணம் நடந்தது, நான் சாகவில்லை. ராத்தா கத்தரிக்கோலை மறுபடியும் எடுத்தாள். ஆனால் பிந்திய வருடங்களில் நாடு கெட்டுப்போய், வெளியே போனவர்கள் வீடு திரும்பாத காலம் வந்தது. போகும்போது "வாறன்" என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் கூடினார்கள். அவர்கள் கையில் நூல் இருக்கும், வீட்டில் மையித்து இருக்காது. ராத்தா ஒருவருக்கும் வெட்டிக் கொடுக்கவில்லை. முன்தெருவில் புதிதாகக் கடை போட்டவர் எல்லோருக்கும் வெட்டினார், நன்றாகக் காசு உழைத்தார். ராத்தாவின் வியாபாரம் கொஞ்சம் படுத்தது. அவள் அதற்குக் கவலைப்படவில்லை, பள்ளிக்கூடத் துணி கை கொடுத்தது.

சல்மா உம்மா வருடா வருடம் வந்தார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, "இப்ப எவ்வளவு மகள்?" என்பார். ராத்தா சுருளை விரித்து, அளவு நாடாவைப் பிடித்து, இன்னும் ஒரு விரல் வளர்ந்திருப்பாள் என்பாள். அவர் திருப்தியாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிப் போவார். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடும். ராத்தாவுக்கோ அன்றைக்கு முழுவதும் முகம் தெளிவாக இருக்கும்.

எனக்கு மகள் பிறந்தபோது ஏணை கட்ட உம்மா ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தார். பட்டுப்போல மெத்தென்ற துணி. பிள்ளையைப் போட்டு ஆட்டத் தொடங்கிய பிறகுதான் அது எந்தத் துணி என்று தெரிந்தது. நான் ராத்தாவோடு சண்டைக்குப் போனேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு வெட்டின துணி. உன்ட புள்ளைய விட ஆருக்கு உரிமை?" என்றாள்.

அந்த வருடம் சல்மா உம்மா வந்தபோது ஏணை கடைப்பக்கத் தாழ்வாரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உச்சி நேரம். அவர் பலகைக்குப் போகாமல் ஏணையிடம் போனார். துணியின் ஓரத்தை விரலால் பிடித்து நெருடிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. பிள்ளையைப் பறித்தெடுக்க எழுந்தேன், ராத்தா கையால் என்னைத் தடுத்தாள். சல்மா உம்மா ஏணையை மெல்ல ஆட்டினார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, ஆட்டத்திலேயே தூங்கிப்போனது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினார்.

ராத்தா சுருளை விரித்து, நாடாவோடு நின்றாள். சல்மா உம்மா இந்த முறை எவ்வளவு என்று கேட்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்க்காமல் நடந்தார். படலையைத் திறந்தார், வெளியே போனார், சாத்தினார்.

ராத்தா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வாறன் என்ற அந்தச் சொல் வரவில்லை. வாப்பாவின் மையித்துக்குப் பூவை மடித்துத் தைத்த அன்றைக்குக்கூட அழாதவள், வெள்ளைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து, வெள்ளத்தோடு போன, நல்ல உயரமான பெண் ஒருத்திக்கு ஐந்து துண்டு வெட்டினாள்.